இராணுவ ஆட்சியை எளிய மக்கள் ஏன் ஆதரிக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், வெலிங்டன், அரவங்காடு ஆகிய ஊர்களைச் சுற்றி வாழ்கிற எங்களுக்குப் பட்டாளம் என்பது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் பணியாளர் கல்லூரியும் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கின்றன. முன்னாள் படைவீரர் ஒருவர்கூட இல்லாத தெரு இப்பக்கம் அரிது. "இந்த நாட்டை நாலு வருஷம் மிலிட்டரி கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் வெகு சாதாரணமாகக் காதில் விழும். எங்கள் வாசகர் வட்டத்தில் உலக நாடுகளின் சர்வாதிகார ஆட்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஆதரிப்பவர்களை அறிவிலிகள் என்றோ கொடியவர்கள் என்றோ ஒதுக்கிவிட்டுப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றுள் பல நியாயமானவையும்கூட. ஆனால் ஒரு முறை கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழியில்லாத இடத்தில் அதைக் கொடுத்தார்கள் என்பதே என் வருத்தம்.

மக்கள் உண்மையிலேயே ஆதரிக்கிறார்களா, அச்சத்தால் ஆதரிப்பதுபோல் காட்டிக்கொள்கிறார்களா?

இரண்டும் உண்டு. ஒரே நாட்டில் மட்டுமல்ல, சில சமயம் ஒரே மனிதரிடமும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று தளபதி பினோசே, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார். அவருடைய ஆட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர். பல்லாயிரம் பேர் சித்திரவதைக்கு உள்ளாயினர். இவ்வளவுக்கும் பிறகு 1988 அக்டோபர் 5 அன்று, அவர் மேலும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தபோது, இரகசிய வாக்குச் சீட்டில் 44 விழுக்காட்டினர் தொடரலாம் என்றே பதிலளித்தார்கள். அவர் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேரையும் அச்சம்தான் அப்படி வாக்களிக்க வைத்தது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சி ருமேனியாவில் அரங்கேறியது. அது இராணுவ ஆட்சி அன்று, ஒரு கட்சியின் பெயரால் நடந்த ஒரு குடும்பத்தின் ஆட்சி. 1989 நவம்பரில் கட்சி மாநாடு எழுந்து நின்று கைதட்டி, நாட்டை ஆண்ட சௌசெஸ்குவை ஒருமனதாக மீண்டும் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. டிசம்பர் 21 அன்று புக்காரெஸ்ட் நகரில், தொழிற்சாலைகளிலிருந்து அழைத்துவரப்பட்ட கூட்டத்தின் முன் அவர் மாடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நேரலை ஒளிபரப்பு இடையில் துண்டிக்கப்பட்டது. அவர் ஒலிவாங்கியைத் தட்டி அமைதி கேட்டார், சம்பள உயர்வு தருவதாக அறிவித்தார். மறுநாள் படை அவரைக் கைவிட்டது. டிசம்பர் 25 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாதத்துக்கு முன் கைதட்டியவர்கள் அனைவரும் அதற்குள் மனம் மாறிவிட்டார்கள் என்பதைவிட, பக்கத்தில் நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பது அதுவரை எவருக்கும் தெரியாமல் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். தான் ஒருவர் மட்டுமே வெறுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருக்கும் வரை அந்த ஆட்சி அசையாது.

அப்படியானால் உண்மையான ஆதரவை அளக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். நேரடியாகக் கேட்டால் அஞ்சுகிற மக்களிடம் கேட்பதற்கென்றே ஒரு முறையை ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். கருத்துக் கணிப்புக்கு வருபவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரிப்பார்கள். முதல் பாதியினரிடம் மூன்று தலைவர்களின் பெயர்களைக் காட்டி, "இவர்களுள் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள்? யார் என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்" என்பார்கள். மறு பாதியினரிடம் அதே மூன்று பெயர்களோடு இப்போதைய ஆட்சியாளரின் பெயரையும் நான்காவதாகச் சேர்த்துக் காட்டுவார்கள். முதல் பாதியின் சராசரி 1.2, இரண்டாம் பாதியின் சராசரி 1.9 என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசமான 0.7 என்பது நூற்றுக்கு எழுபது பேர் அந்த ஆட்சியாளரை ஆதரிக்கிறார்கள் என்பதைக் காட்டும். எந்தத் தனி மனிதரின் கருத்தும் வெளிப்படாது.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இம்முறையைப் பயன்படுத்தியபோது, புதினுக்கு ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்தனர். நேரடிக் கேள்விக்குக் கிடைத்த அளவுக்கு அது மிக நெருக்கமாகவே இருந்தது. உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவுடன் இணைக்கப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு ஆன காலம் அது. சர்வாதிகார நாட்டின் ஆதரவெல்லாம் வெறும் அச்சம்தான் என்று நம்ப விரும்புபவர்களுக்கு இது கசப்பான செய்தி. அதே வேளையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தொலைக்காட்சியையும் பத்திரிகையையும் ஆட்சியே கையில் வைத்திருக்கும் நாட்டில் மனமார எழுகிற ஆதரவும், வேறெதையும் கேட்க வாய்ப்பில்லாதவரின் ஆதரவாகவே இருக்கும்.

எத்தகைய சூழலில் மக்கள் படையினரை வரவேற்கிறார்கள்?

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தன் வேலையைச் செய்யாதபோது. இதற்கு விதிவிலக்கு மிகக் குறைவு. ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது ஏறத்தாழ 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. சிலியில் 1973இல் விலைவாசி ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியது. அதற்கு முன்பே 1971 டிசம்பரில் பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு சாந்தியாகோ வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அந்த அரசைக் கவிழ்க்க அமெரிக்கா பணம் கொடுத்து வேலை செய்தது என்பது ஆவணங்களில் வெளிவந்த உண்மை. ஆனால் அந்தக் காலிப் பாத்திரங்களை ஒலிக்க வைத்தது அமெரிக்கா மட்டுமன்று. பாகிஸ்தானில் 1999 அக்டோபரில் தளபதி முஷாரஃப் ஆட்சியைக் கைப்பற்றியபோது தெருக்களில் இனிப்பு வழங்கப்பட்டது. 2023 ஜூலையில் நைஜரிலும் ஆகஸ்டில் கபோனிலும் தளபதிகளை மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். ஊழலும் முறைகேடான தேர்தலும் பாதுகாப்பற்ற சாலைகளும் கண்டு சலித்தவர்களின் ஆரவாரம் அது.

நம் கவனத்துக்குரிய இன்னொரு நாடு நைஜீரியா. எண்ணெய் விலை சரிந்து, ஊழல் மலிந்து, 1983 தேர்தலும் முறைகேடாக நடந்து முடிந்த நிலையில், அந்த ஆண்டின் கடைசி நாளில் தளபதி புகாரி ஆட்சியைப் பிடித்தார். 1984 மார்ச்சில் 'ஒழுங்கின்மைக்கு எதிரான போர்' என்று ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. பேருந்து நிறுத்தங்களில் சாட்டையோடு நின்ற படைவீரர்கள் மக்களை வரிசையில் நிறுத்தினார்கள்; தாமதமாக வந்த அரசு ஊழியர்கள் அலுவலக வாசலில் தவளைபோல் குதித்துக் குதித்துப் போகும்படி தண்டிக்கப்பட்டார்கள். ஊழியர் வருகைக்காக நாட்கணக்கில் அலைந்து பழகிய பொதுமக்கள் இதைப் பார்த்து மகிழ்ந்தது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஓர் அரசு அலுவலகத்தில் சான்றிதழுக்காகப் பகல் முழுவதும் நின்று, கையெழுத்துப் போடுபவர் வரவில்லை என்று திரும்பியவர் எவரும் அதைப் புரிந்துகொள்வார்.

ஆனால் அதே ஆண்டில் நான்காம் எண் ஆணை என்ற ஒன்று வந்தது. அதிகாரிகளை அவமதிப்பதாகக் கருதப்படும் செய்தியை வெளியிடுவது அதன்படி குற்றமாயிற்று. இரண்டு செய்தியாளர்கள் சிறைக்குப் போனார்கள். போதைப்பொருள் கடத்தியதாகச் சொல்லப்பட்ட மூவருக்கு, அவர்கள் பிடிபட்டபோது நடைமுறையில் இல்லாத, பின்னர் முன்தேதியிட்டுப் போடப்பட்ட ஆணையின்படி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1985 ஆகஸ்டில் வேறொரு தளபதி புகாரியைக் கவிழ்த்தபோது மக்கள் அதையும் வரவேற்றார்கள். வரவேற்பது ஒன்றே அவர்களுக்கு விடப்பட்டிருந்த வேலை.

புகாரி நம் வெலிங்டனில் படித்தவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1973இல் அவர் வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் பயின்றார். நைஜீரியாவின் இன்னொரு இராணுவ ஆட்சியாளரான ஒபசாஞ்சோவும் 1960களின் நடுவில் இங்கே பயின்றவர். நட்பு நாடுகளின் அதிகாரிகள் இக்கல்லூரிக்கு வந்து படிப்பது நெடுநாள் வழக்கம்.

இதைக் கேட்டவுடன் கல்லூரியைக் குறை சொல்லத் தோன்றலாம். ஆனால் அதே வகுப்பறையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதே பாடத்தைக் கேட்ட இந்திய அதிகாரிகளுள் ஒருவர்கூட டெல்லியைக் கைப்பற்ற முயன்றதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பாடம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறானதற்குக் காரணம், அவர்கள் திரும்பிப்போன நாடுகளின் அமைப்பில் இருக்கிறது. முப்படைகளுக்கும் மேலாக இருந்த தலைமைத் தளபதி என்ற பதவியை இந்தியா 1947இல் விடுதலையோடு நீக்கி, மூன்று படைகளுக்கும் சம நிலையிலுள்ள தனித்தனித் தலைவர்களை வைத்தது; 1955இல் அவர்களுடைய தலைமைத் தளபதி என்ற பட்டத்தையும் எடுத்துவிட்டது. பிரிட்டிஷ் காலத் தலைமைத் தளபதியின் மாளிகையான தீன்மூர்த்தி இல்லம் பிரதமரின் வீடாயிற்று. படைக்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்குகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, ஆட்சி பிடிக்கவில்லை என்றால் ஐந்தாண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்ததால், தளபதியைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

ஒபசாஞ்சோவைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1976இல் ஆட்சிப் பொறுப்பேற்ற அவர், சொன்னபடி 1979 அக்டோபர் 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பின்னாளில் வேறோர் இராணுவ ஆட்சி அவரையே சிறையில் அடைத்தது. 1999இல் அவரும் 2015இல் புகாரியும் மக்கள் வாக்கால் அதிபரானார்கள்.

படையின் மீது மதிப்பு வைத்திருப்பது தவறா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் எதுவும் அப்படிப் பொருள்படக் கூடாது.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி (முப்படைகளையும் ஒருங்கிணைக்கும் பதவி, அவற்றுக்குக் கட்டளையிடும் பதவி அன்று) பிபின் ராவத்தும் உடன் வந்தவர்களும் பயணம் செய்த ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தபோது, முதலில் ஓடிப்போனவர்கள் அந்தச் சிற்றூரின் கூலித் தொழிலாளர்கள். குடங்களில் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். வீட்டுப் போர்வைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் உடல்கள் மலையிறங்கிச் சூலூருக்குப் போன வழியெங்கும் மக்கள் நின்று பூத்தூவினார்கள். எவரும் உத்தரவு போட்டு நடந்ததன்று அது. 1971 போரின் தளபதியான மானெக்‌ஷா குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் மருத்துவமனையில் மறைந்து, உதகையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரை இன்றும் இங்குள்ளவர்கள் சொந்த ஊர்க்காரர் பெயரைப்போலச் சொல்கிறார்கள்.

இந்த அன்பு இவ்வளவு தூய்மையாக இருப்பதற்கே காரணம், படை நம்மை ஆள்வதில்லை என்பது. பர்மாவில் (இன்றைய மியான்மரில்) சுதந்திரப் போராட்டத்தின் பெருமையோடு பிறந்த படை, 1962இல் ஆட்சியைப் பிடித்த பின் சொந்த மாணவர்களைச் சுட்ட படையானது. சீருடையைப் பார்த்தவுடன் கதவைச் சாத்துகிற நாட்டில் விபத்து நடந்த இடத்துக்குப் போர்வையோடு எவர் ஓடுவார்?

தளபதிகள் ஆண்ட நாடுகள் வளர்ந்தனவே, அதை மறுக்க முடியுமா?

சில நாடுகள் வளர்ந்தன. அதை மறுக்கத் தேவையில்லை. தென்கொரியாவில் 1961இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, 1970இல் புதிய கிராம இயக்கத்தைத் தொடங்கியபோது ஒவ்வொரு கிராமத்துக்கும் 335 மூட்டை சிமெண்ட் கொடுத்தார். தனி ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, ஊருக்குப் பொதுவாகச் செலவிட வேண்டும் என்பதே நிபந்தனை. நன்றாகப் பயன்படுத்திய கிராமங்களுக்கு அடுத்த முறை 500 மூட்டையும் ஒரு டன் இரும்பும் கிடைத்தன. தன் ஊர்ப் பாலம் அந்தச் சிமெண்டால் எழுந்ததைக் கண்ணால் கண்ட விவசாயி ஆட்சியை ஆதரித்ததில் என்ன வியப்பு? இந்தோனேசியாவில் தளபதி சுகார்த்தோ காலத்தில், 1984இல், நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பசியை அறிந்தவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 1970இன் நவம்பரில், சியோல் நகரத் தையல் கூடங்களில் இளம் பெண்கள் தூக்கமின்றி உழைப்பதைக் கண்டு பொறுக்காமல், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று முழங்கியபடி சோன் தே இல் என்ற 22 வயதுத் தொழிலாளி தீக்குளித்து இறந்தார். சட்டம் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. கேட்பதற்கு இடம்தான் இல்லை. சுகார்த்தோவின் ஆட்சியோ 1965–66இல் குறைந்தது ஐந்து லட்சம் பேரின் படுகொலையின் மீது எழுந்தது. 1997–98 நெருக்கடியில் நாணயம் சரிந்தபோது, முப்பது ஆண்டுகளாக எவரும் கேள்வி கேட்க முடியாமல் குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்த்த கடனும் ஊழலும் ஒரேயடியாக மக்கள் தலையில் விழுந்தன.

அத்துடன், வளர்ந்த நாடுகளை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அரிசி ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் நின்ற பர்மா, படை ஆட்சியில் ஏழை நாடானது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. மாற்றிக்கொள்ளவும் வழி தரப்படவில்லை. பிறகு 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் தாள்கள் வந்தன. நல்ல தளபதி வாய்ப்பாரா, அந்தப் பர்மாவை ஆண்ட தளபதி நே வின் போன்றவர் வாய்ப்பாரா என்பது மக்கள் கையில் இருந்ததில்லை.

போர் வந்தால் ஆதரவு பெருகுவது ஏன்?

நாட்டையும் ஆட்சியையும் அந்த நேரத்தில் பிரித்துப் பார்ப்பது எவருக்கும் கடினம். அர்ஜென்டினாவில் 1982 மார்ச் 30 அன்று தொழிற்சங்கங்கள் படை ஆட்சியை எதிர்த்துத் திரண்டபோது ஏராளமானோர் கைது செய்யப்பட்டார்கள். மூன்றே நாளில், ஏப்ரல் 2 அன்று, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் படை இறங்கியது. தலைநகரின் மே சதுக்கத்தில் தளபதி கால்த்தியேரியைப் பெருங்கூட்டம் வாழ்த்தியது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் 1977 முதல் வியாழன்தோறும் சுற்றி நடந்துவந்த அதே சதுக்கம் அது. தீவுகள் அர்ஜென்டினாவுக்கே உரியவை, காணாமல் போனவர்களும் அப்படியே என்று அந்தத் தாய்மார்கள் எழுதிப் பிடித்தார்கள். நாட்டுப்பற்றைத் தளபதிகளின் கையில் விட்டுவிட அவர்கள் மறுத்தார்கள். ஜூன் 14 அன்று படை சரணடைந்தது. சில நாட்களில் கால்த்தியேரி பதவி இழந்தார். 1983 அக்டோபரில் தேர்தல் வந்தது.

தேர்தலும் நாடாளுமன்றமும்தானே எங்களை நாடற்றவர்கள் ஆக்கின? நாங்கள் ஏன் அவற்றை நம்ப வேண்டும்?

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிலிருந்து வந்த கேள்வி இது. இந்தப் பக்கத்திலேயே மிகக் கனமான கேள்வியும் இதுதான்.

நடந்தது அப்படித்தான். 1948இல் இலங்கையின் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. பெரும்பான்மை வாக்கு மட்டுமே மக்களாட்சி ஆகிவிடாது என்பதற்கு இந்த மலைகளில் அவர்கள் வாழும் டான்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளே சான்று.

ஆயினும் அதே 1964இல் பர்மாவில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். 1958இல் நே வின் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, ரங்கூன் வீதிகளைச் சுத்தம் செய்து, விலையைக் கட்டுப்படுத்தி, 1960இல் தேர்தல் நடத்தி ஆட்சியைத் திரும்பக் கொடுத்தார். ஆகவே 1962 மார்ச்சில் அவர் மீண்டும் வந்தபோது பலரும் அஞ்சவில்லை. ஜூலை 7 அன்று பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. தமிழர் உள்ளிட்ட ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். நம் ஊர்களிலுள்ள பர்மா காலனிகள் அவர்களுடையவை.

இரண்டும் அநீதியே. இலங்கையில் தொழிற்சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது, வாக்குரிமை திரும்பக் கிடைத்தவர்களின் வாக்கைக் கொண்டு பேரம் பேச முடிந்தது. கடைசியாக 2003இல், எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை அதே நாடாளுமன்றம் இயற்றியது. 55 ஆண்டுகள் என்பது ஒரு மனித ஆயுளின் பெரும்பகுதி. அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அத்தகைய நாள் வரவே இல்லை.

இந்தியாவின் நெருக்கடி நிலையைத் தமிழ்நாடு ஆதரித்தது என்பது சரியா?

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நடந்தது இராணுவ ஆட்சி அன்று. ஆனால் இந்தத் தலைப்புக்கு நமக்கு மிக அருகிலுள்ள சான்று அதுதான். 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தது. நாடு முழுவதும் அக்கட்சிக்கு 154 இடங்களே கிடைத்தன. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ், அதிமுக அணி பெரும்பாலான தொகுதிகளை வென்றது. "ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் ஆள் இருந்தார்கள், ரேஷன் கிடைத்தது" என்று பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. 1976–77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை நடந்தது; அதில் கட்டாயத்தின் கொடுமையை மிகுதியாக அனுபவித்தவை வட மாநிலக் கிராமங்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மிசாவில் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் அரசியல் தொண்டர்கள். தணிக்கை இருந்ததால் ஒரு பகுதியில் நடந்தது மறு பகுதிக்குத் தெரியவில்லை. தன் வாசலுக்கு வராத கொடுமையை மனிதர் கணக்கில் எடுத்துக்கொள்ள, யாராவது அதை அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்பவர் வாயைத்தான் சர்வாதிகாரம் முதலில் அடைக்கிறது.

படை ஆட்சியால் நேரடியாக ஆதாயம் பெறுபவர்கள் யார்?

எகிப்தில் படையின் நிறுவனங்கள் மக்ரோனியும் குடிநீரும் விற்கின்றன. பாகிஸ்தானில் படைசார் அறக்கட்டளைகளுக்கு உரம், சிமெண்ட் ஆலைகள் உண்டு. மியான்மரில் இரண்டு பெரிய இராணுவக் குழுமங்கள் வங்கி முதல் மாணிக்கச் சுரங்கம் வரை வைத்திருக்கின்றன. இவற்றில் வேலை செய்பவர்கள், ஒப்பந்தக்காரர்கள், அவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள் என்று பெரும் வட்டம் ஒன்று உருவாகிறது. அவர்களுக்கு ஆட்சி மாற்றம் என்பது பிழைப்புக்கு வரும் ஆபத்து.

ஆதரித்த எளிய மக்களைக் குற்றவாளிகள் என்று சொல்லலாமா?

வாக்களித்தவரையும் கைதட்டியவரையும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டிக்கொடுத்தவர்களின் நிலை வேறு. ஹிட்லரின் இரகசியக் காவல்துறையில் போருக்கு முன்பு சில ஆயிரம் பேரே இருந்தார்கள். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களை அவர்களால் தனித்துக் கண்காணித்திருக்க முடியாது. பக்கத்து வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் எழுதிப்போட்ட புகார்களே அவர்களுக்குக் கண்ணும் காதுமாயின. பல புகார்களுக்குப் பின்னால் கொள்கை ஏதும் இருக்கவில்லை. வாடகைத் தகராறும் குடும்பப் பகையும்தான் இருந்தன. அந்த ஆட்சி இத்தகைய சிறிய பகைகளுக்கு மரண தண்டனை வாங்கித் தரும் வல்லமையைக் கொடுத்தது.

ஆட்சி விழுந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஏக்கம் ஏன் மிஞ்சுகிறது?

பிலிப்பைன்ஸில் 1972இல் இராணுவச் சட்டத்தை அறிவித்த மார்க்கோஸ் 1986இல் மக்கள் எழுச்சியால் துரத்தப்பட்டார். அவருடைய மகன் 2022 மே மாதம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளோடு அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்களித்தவர்களுள் பெரும் பகுதியினர் அந்தக் காலத்தை நேரில் அறியாத இளைஞர்கள். பாலமும் மருத்துவமனையும் கண்ணுக்குத் தெரிகின்றன. 11,103 பேருக்கு அரசே பின்னாளில் இழப்பீடு வழங்கிய கொடுமைகள் தெரிவதில்லை. அத்துடன், 1986க்குப் பின் வந்த தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் வறுமையைக் குறைப்பதாகச் சொன்ன வாக்கை முழுமையாகக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தென்கொரியாவில் வேறொன்று நடந்தது. பார்க்கின் மகளை 2012இல் அதிபராக்கிய அதே நாடு, 2024 டிசம்பர் 3 இரவு அன்றைய அதிபர் இராணுவச் சட்டம் அறிவித்தபோது நாடாளுமன்றத்தின் முன் திரண்டது. உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய் வாக்களித்தார்கள். விடிவதற்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 1980இல் குவாங்ஜூ நகரில் படை சுட்டுக் கொன்றவர்களின் நினைவை அந்த நாடு ஆண்டுதோறும் அரசு விழாவாகவே போற்றி வருகிறது. நினைவுக்கு இடம் கொடுத்த நாட்டுக்கும் கொடுக்காத நாட்டுக்கும் இடையே இந்த வேறுபாடு உண்டாகிறது.

என் பெரியப்பா முன்னாள் படைவீரர். "மிலிட்டரி ஆட்சிதான் நமக்குச் சரி" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் விரும்புவது கண்டிப்பு. தளபதியின் ஆட்சி அன்று. இரண்டும் வேறு வேறு என்பதற்கு நீலகிரியே சான்று. பிளாஸ்டிக் தடையை இந்த மாவட்டம் மற்ற மாவட்டங்களுக்கு வெகு முன்பே கொண்டுவந்தது. இன்றும் சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) முறையை உயர் நீதிமன்றம் கொண்டுவந்தபோது, பிழைப்பு கெடுகிறது என்று வணிகர்கள் கடையடைத்தார்கள். கண்டிப்பும் இருக்கிறது, அதை எதிர்த்துப் பேசும் இடமும் இருக்கிறது.

பிறகு பெரியப்பாவின் சொந்த அனுபவத்துக்கு வாருங்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கைக்காக 2015இல் முன்னாள் படைவீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் பதக்கங்களை அணிந்தபடி மாதக்கணக்கில் அமர்ந்தார்கள், தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு திட்டத்தை அறிவித்தது. நடைமுறையில் குறை இருப்பதாகக் கருதியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நிலுவைத் தொகையைத் தருவதில் தாமதம் ஏற்பட்டபோது நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தை எதிர்த்து, சீருடை அணிந்திருந்தவர்களே தொடுத்த வழக்கு அது. அந்த உயர்வு பெரியப்பாவின் வங்கிக் கணக்கில் எப்போது வந்தது, அதற்காக அவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார், எந்த மனுவில் கையெழுத்துப் போட்டார் என்று கேளுங்கள். தளபதியே ஆட்சியாளராகவும் இருந்திருந்தால் அந்த மனுவை யாரிடம் கொடுத்திருப்பார் என்பதை அவரே யோசித்துச் சொல்லட்டும்.